எண்ணெய்ச் சட்டியில் வந்த வினை

எமது மகள் யப்பானிலே கியோத்தோ நகரில் மேற்படிப்புப் படிப்பவள். கொரோனாக் காலத்தில் இரண்டு ஆண்டுகள் வீட்டுப்பக்கம் வரமுடியாதிருந்தவள், 2022 ஆம் ஆண்டு தை மாதத்தில் விடுமுறை பெற்று வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியைத் திறந்தபோது அதன் பாதியில் உடுப்பும் மறுபாதியில் உணவுப் பொருள்களும் இருந்தன. தோற்பட்டைபோற் காய்ந்த கடற்பாசி ஒரு கட்டு. கடதாசிபோல் மெல்லிய கருநிறப் பாசித் தாள்கள் ஒரு பொதி. மிசோ என்னும் புளிக்கவைத்த சோயாக் களி ஒரு டப்பா. மரச்சீவல்போல் இழைத்த மீன் ஒரு பை. கடற்பாசியின் பெயர் 'கொம்பு' என்று அவள் சொன்னதும், "மான்கொம்போ, மாட்டுக்கொம்போ?" என்று இல்லத்தலைவர் கேட்டார். அன்று தொடங்கிய பகிடி பல வாரங்கள் நீடித்தது.

நாம் புதுச் சமையலுக்கு அஞ்சுபவர் அல்லேம். எனினும் யப்பானியச் சமையலுக்கு அடிப்படை ஒரு தண்ணீர் என்று கேட்டபோது எமக்கும் நம்பிக்கை பிறக்கவில்லை. கொம்பை நீரில் ஊறவைத்து மெல்லச் சூடாக்கி, நீர் கொதிக்குமுன் எடுத்துவிட்டு, மீன்சீவலைப் போட்டுச் சிறிது பொறுத்து வடிகட்டினால் 'தாஷி' ஆயத்தம். உப்பில்லை, உறைப்பில்லை, தாளிதமில்லை. இல்லத்தலைவர் ஒரு வாய் பருகிவிட்டு, "இதென்ன பிள்ளை, மாசி கழுவின தண்ணியே?" என்றார்.

அவர் பகிடியாகச் சொன்னதில் உண்மை இருந்தது. யப்பானியர் கத்சுவோபுஷி என வழங்கும் அம்மீனும் நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசிக் கருவாடும் ஒரே சாதி மீனிற் செய்யப்படுவன. இரண்டும் சூரை மீனே. மாலைதீவார் அதனை அவித்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்துவர். யப்பானியரும் அவித்துப் பலமுறை புகையூட்டுவர். உயர்ந்த வகைக்கு அதன்மேல் ஒருவிதப் பூஞ்சணத்தையும் படரவிட்டு, மரக்கட்டைபோல் இறுகியபின் சீவி எடுப்பர். கொம்புத் தண்ணீரின் சுவை யாது என்று ஆராய்ந்தவர் தோக்கியோவிற் பேராசிரியராயிருந்த கிக்குனாயே இக்கேடா என்பவர். 1908 இல் அவர் அதிலிருந்து குளுத்தமேற்று என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். அவருடைய மாணாக்கர் ஒருவர் 1913 இல் மீன்சீவலிலிருந்து அதற்கு இணையான வேறொரு சுவைப்பொருளைக் கண்டார். கொம்பும் மீனும் கூடும்போது சுவை பன்மடங்காகுமென்பது பின்னரே தெளிவாயிற்று. எம் பாட்டிமார் இவற்றை அறியார். ஆயினும் மாசியில்லாத சம்பலைச் சம்பல் என்று அவர்களும் ஏற்றுக்கொண்டதில்லை.

மீன்சீவல் இரண்டு வாரத்தில் முடிந்துபோயிற்று. கடையில் வாங்கவும் வழியில்லை. எனவே மாசியைக் கையாண்டோம். முதலிற் செய்த தாஷி உப்புக் கரித்துப் புகை மணத்தது. பிறகு மாசியைக் கழுவி, மெல்லிய தகடாகச் சீவி, கொதிக்கவிடாது வெந்நீரில் மூன்று நிமிடம் மாத்திரம் வைத்து வடித்தபோது சரிவந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு, "காணும் அம்மா, இது காணும்" என்றாள். அந்தத் தாஷியில் இராசவள்ளிக் கிழங்கை அவித்தோம். பூசணிக்காயைச் சோயாச் சாறும் சீனியும் இட்டு வற்றவைத்தோம். மிசோவைக் கரைத்து முருங்கையிலை போட்டு ரசம்போல் வைத்தோம். யப்பானியர் பார்த்தால் ஒப்புவார்களோ என்னவோ, எமக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

இவ்வாறிருக்கையில் ஒருநாள் 'சவன்முஷி' செய்தோம். ஒரு பங்கு முட்டைக்கு மூன்று பங்கு தாஷி சேர்த்து, நுரை எழாமற் கலக்கி வடித்து, தேநீர்க் கோப்பைகளில் ஊற்றி ஆவியில் அவிப்பது அது. கோப்பையின் அடியில் ஓர் இறாலும் ஒரு காளான் துண்டும் கிடக்கும். இடியப்பப் பானையில் வைத்து, மூடியிலிருந்து நீர் சொட்டாதபடி துணி கட்டி, மெல்லிய நெருப்பில் அவித்தோம். பட்டுப்போல் வந்தது. இல்லத்தலைவர் இரண்டு கோப்பை உண்டார். அரைமணி நேரத்தில் அவர் வாய் ஊரல் எடுத்தது. கழுத்திலும் முழங்கையிலும் திட்டுத் திட்டாகத் தடித்தது. ஒரு மாத்திரையோடு அது அடங்கிவிட்டது.

உடனே விசாரணை தொடங்கியது. குற்றவாளி யார்? கொம்பின் மேல் சந்தேகம். மிசோவின் மேல் அதனினும் பெரிய சந்தேகம், பூஞ்சணம் படரவிட்டுச் செய்தது என்று மகளே சொல்லியிருந்தாளன்றோ! இறாலை எவரும் நினைக்கவில்லை. குருநகரில் வளர்ந்தவர் அவர். நடக்கப் பழகுமுன் இறால் தின்னப் பழகியவர். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் இறாலும் நண்டும் கணவாயும் உண்டவருக்கு அன்றைக்கு மாத்திரம் இறால் பகையாகுமா? வேற்றூரிலிருந்து வந்தவைமீது பழியைப் போட்டு வழக்கை முடித்தோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த கொம்பையும் மிசோவையும் ஒரு பையிற் சுற்றி அலமாரியின் மேற்றட்டில் வைத்துவிட்டாள். பங்குனி மாதம் கியோத்தோவுக்குத் திரும்பும்போதும், "அப்பாவுக்கு இனி என்ரை சாமான் ஒண்டும் குடுக்காதேங்கோ" என்று சொல்லிப்போனாள். அவள் முகம் எமக்குப் பல நாள் கண்ணில் நின்றது.

சித்திரையில் ஒருநாள் நண்டுக்கறி உண்டபின் அவருடைய கீழுதடு வீங்கியது. வெயிற்சூடு என்றோம். எமது மாமியார் உயிரோடிருந்திருந்தால் அப்படிச் சொல்லியிரார். இறால், நண்டு, கத்தரிக்காய், அன்னாசி ஆகியவற்றை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, சிரங்கு வந்தவர்க்கும் பிள்ளை பெற்றவர்க்கும் "கிரந்திச் சாமான், தொடப்படாது" என்று விலக்குவார். கல்லூரிப் படிப்புப் படித்த நாம் அதனைப் பழங்காலப் பேச்சென்று எண்ணியிருந்தோம். அப்பட்டியல் முழுவதும் சரியென்று இன்றும் சொல்லமாட்டோம். ஆயினும் அதன் முதலிரண்டு பெயரையாவது அன்று நினைவுகூர்ந்திருக்கலாம்.

அந்த ஆண்டின் நடுப்பகுதி எப்படியிருந்ததென்று வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை. எரிவாயு உருளைக்கு வரிசை. மாவுக்கும் எண்ணெய்க்கும் யானை விலை. யூன் 28 ஆம் திகதி முதல் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி மற்றோர்க்குப் பெற்றோல் இல்லை. யூன் 30 வியாழக்கிழமை, தெருவிற் கூவி வந்தவரிடம் கால் கிலோ சிற்றிறால் வாங்கி, மகனின் ஆசைக்காக இறால் வடை சுட்டோம். இல்லத்தலைவருக்கு அன்று வயிறு சரியில்லையென்று அவர் அதனைத் தொடவில்லை. வடை சுட்டபின் தாச்சியில் அரைப்போத்தல் எண்ணெய் மிச்சமிருந்தது. நல்ல தேங்காயெண்ணெய். அதனை ஊற்றிவிட எமக்கு மனம் வரவில்லை. துணியில் வடித்து, இஞ்சித் துண்டொன்றைப் பொரித்து வாடையைப் போக்கி, போத்தலில் ஊற்றி வைத்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இல்லத்தலைவருக்கு வெள்ளி என்றால் மரக்கறிதான். அதற்கெனச் சட்டியும் அகப்பையும் வேறாக வைத்திருக்கும் வீடு எமது வீடு. முதல்நாள் இரவு தொலைபேசியிற் பேசிய மகள், அப்பா எப்படியிருக்கிறார் என்று மூன்று முறை கேட்டிருந்தாள். அவள் காட்டித்தந்த உணவொன்றைச் செய்து, அப்பா விரும்பிச் சாப்பிட்டார் என்று அவளுக்குச் சொல்லவேண்டும் என்ற ஆசை எமக்கு உண்டாயிற்று. மரக்கறித் தெம்புரா நினைவுக்கு வந்தது. கொம்புமில்லை, மிசோவுமில்லை, மாவும் மரக்கறியும் எண்ணெயும்தான். இந்தப் பொரியலை யப்பானியருக்குக் கற்றுக்கொடுத்தவர் போர்த்துக்கேயர் என்பர். 1505 இல் எமது கரைக்கு வந்து எம்மைப் படுத்திய அதே போர்த்துக்கேயர்தாம் 1543 இல் யப்பானில் இறங்கினர்.

கோதுமை மாவோடு அரிசிமா சிறிது கலந்து, குளிர்ந்த நீர் விட்டு, கட்டிகள் கரையாதபடி இரண்டு சுற்று மாத்திரம் கலக்கினோம். அதிகம் கலக்கினால் தெம்புரா தோல்போலாகிவிடும். முறைப்படி முட்டையும் சேர்க்கவேண்டும். வெள்ளிக்கிழமையாதலால் முட்டை சேர்க்கவில்லை. வற்றாளங்கிழங்கு, போஞ்சி, கத்தரிக்காய், பூசணி எல்லாம் வெட்டி வைத்தாயிற்று. புதுப் போத்தல் எண்ணெயில் நான்கு விரலளவே இருந்தது. அதன் அருகே நேற்றைய போத்தல்.

முட்டையை விலக்கிய கை அந்தப் போத்தலை எடுத்தது. இதனை மறைத்து எழுதுவதற்கில்லை. வாடை போய்விட்டது, அவருக்குத் தெரியாது, இந்தக் காலத்தில் ஆண்டவனும் பொறுப்பார் என்று எமக்குள்ளே சமாதானம் சொல்லிக்கொண்டோம். நாம் என்று எழுதினாலும், அடுப்படியில் அவ்வேளை நின்றவள் ஒருத்தியே. மகனுக்கும் அதிற் பங்கில்லை.

அவர் விரும்பித்தான் உண்டார். "இது நல்லாயிருக்கு, பிள்ளைக்குச் சொல்லும்" என்றார். கால்மணி நேரம் சென்றிராது. உள்ளங்கை ஊருதென்று தேய்த்தார். முகம் சிவந்தது. உதடும் கண்மடலும் வீங்கின. மாத்திரை கொடுத்தோம், மல்லி அவித்த நீரும் கொடுத்தோம். இப்படிப் பத்து நிமிடம் வீணாயிற்று. பிறகு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குரல் கட்டிப்போய்க் காற்றுத்தான் வந்தது. எழுந்தவர் கதிரையில் விழுந்தார்.

நாம் இருப்பது மூன்றாம் மாடி. மின்வெட்டு நேரமாதலால் மின்தூக்கி நின்றுவிட்டது. மகன் அவரைக் கையிற் பிடித்து நடத்திக்கொண்டு போக முற்பட்டான். கீழ்மாடி அன்பர் ஒருவர் ஓடிவந்து, நடக்கவிடவேண்டாம் என்று தடுத்து, கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்க உதவினார். எங்கும் பெற்றோல் இல்லாத அந்நாளில், தம் தாயாரின் அவசரத்துக்கென்று காரில் ஒதுக்கி வைத்திருந்த சிறிது பெற்றோலை அவர் எமக்காகச் செலவிட்டார். அது வெறுந் தெருவாயிருந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. விரைவாகப் போய்ச் சேர்ந்தோம்.

மருத்துவமனையில் அவரைக் கிடத்திக் காலை உயர்த்தி, உடனே தொடையில் ஓர் ஊசி ஏற்றினர். அதிரினலின் என்றனர். சில நிமிடங்களில் மூச்சு இலகுவாயிற்று. சிறிது நேரத்தில் குரலும் திரும்பியது. இளவயதுப் பெண் வைத்தியர் ஒருவர் கட்டிலருகே நின்று சிங்களத்தில், "இஸ்ஸோ சாப்பிட்டாரா, நண்டு சாப்பிட்டாரா?" என்று கேட்டார். இல்லத்தலைவர் அந்நிலையிலும் தலையை அசைத்து, தமக்குத் தெரிந்த சிங்களத்தில், "இன்று வெள்ளிக்கிழமை, நான் மரக்கறி மட்டுந்தான்" என்றார். வைத்தியர் குறிப்பேட்டில் எதையோ எழுதப்போனார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கத்தரிக்காயையோ மாவையோ எழுதியிருப்பார். அடுத்த முறை நாமே அவருக்கு எமன் ஆகியிருப்போம். எனவே அவர் முன்னிலையிலேயே நேற்றைய எண்ணெயின் கதையைச் சொன்னோம். வைத்தியர் எம்மைக் கடியவில்லை. இல்லத்தலைவர் எம்மைப் பார்க்கவுமில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடங்கியது சில மணி நேரத்தின் பின் மீண்டும் எழக்கூடும் என்று அன்றிரவு அவரை அங்கேயே வைத்திருந்தனர். இறாலிலும் நண்டிலும் உள்ள துரோப்போமயோசின் என்னும் புரதம் வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது என்றும், ஒரே எண்ணெயிற் பொரித்த வேறுணவிலும் அது ஒட்டிவரும் என்றும், சிலருக்கு இறால் கொதிக்கும் ஆவியே போதும் என்றும் வைத்தியர் விளக்கினார். பல்லாண்டு உண்டு பழகியவர்க்கு வளர்ந்தபின் இறால் ஒவ்வாமற் போவது அருமையன்று என்றும் கூறினார். நாம் கொடுத்த மாத்திரை தோல் ஊரலுக்கு உதவுமேயன்றி, மூச்சடைத்தால் அதனை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து என்று இருமுறை சொன்னார். பின்னர் நடந்த சோதனைகளில் இறாலும் நண்டும் உறுதியாயின. கணவாயையும் விலக்கச் சொன்னார்கள். மீனுக்குத் தடையில்லை. அதனால் மாசி தப்பியது. கொம்பும் மிசோவும் எக்குற்றமுமின்றி ஆறு மாதம் அலமாரிமேற் சிறையிருந்தன.

மகளிடம் இதனைத் தொலைபேசியிற் சொன்னபோது அவள் முதலில் அழுதாள். பிறகு பல விடயங்களைத் தேடிப் படித்துச் சொன்னாள். அந்த அதிரினலினை 1900 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலிருந்து முதன்முதல் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தவர்கள் ஜோக்கிச்சி தாக்கமீனே என்பவரும் அவர் உதவியாளர் உயெனாக்காவும் ஆவர், இருவரும் யப்பானியர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தாக்கமீனே மிசோவும் சோயாச் சாறும் செய்ய உதவும் பூஞ்சணத்திலிருந்து சமிபாட்டு மருந்தொன்றும் செய்திருந்தார். ஒவ்வாமைக்குக் காரணமாய் இரத்தத்தில் இருந்து தூண்டும் ஐ.ஜி.ஈ. என்னும் பொருளை 1966 இல் அமெரிக்காவிலே கண்டுபிடித்துக் கூறியவர்களும் யப்பானியர், இஷிசாக்கா என்னும் கணவனும் மனைவியும். அவர்கள் தம் தோலிலேயே ஊசி குத்திச் சோதனை செய்தனராம். "பாத்தீங்களே அம்மா, என்ரை சாமான் மேலை பழி போட்டீங்கள்" என்று சொல்லி அப்போதுதான் அவள் சிரித்தாள்.

யப்பானில் இறாலும் நண்டும் சேர்ந்த பொதி உணவுகளில் அதனைக் குறிப்பிடவேண்டும் என்பது 2008 முதல் சட்டமாயிருக்கிறது. 2023 இல் அக்குரோட்டையும் அச்சட்டத்திற் சேர்த்தார்கள். அலமாரியிலிருந்து இறக்கிய பாசித் தாளின் பொதியைப் படம் பிடித்து அனுப்பினோம். அதன் மூலையிற் சிற்றெழுத்தில் ஒரு குறிப்பு இருந்ததாம்: இப்பாசி எடுக்கும் கடலில் இறாலும் நண்டும் வாழ்கின்றன என்று. நாம் அதனை ஏதோ விலாசம் என்று எண்ணியிருந்தோம். கொம்பும் மிசோவும் மீண்டும் அடுப்படிக்கு வந்தன. பாசித் தாள் மகனுக்கு மாத்திரம் என்று ஒதுக்கப்பட்டது.

இப்போது எமது வீட்டில் இறால் இல்லை. மகன் வெளியே உண்டுவிட்டு வந்து கையும் வாயும் கழுவுகிறான். கடையிற் பொரித்தவை எவையும் இல்லத்தலைவருக்கு இல்லை. மழை நாளில் ஒடியற் கூழ் வேண்டுமென்று அவர் கேட்கும்போதுதான் எமக்குக் கவலை வரும். இறாலும் நண்டும் கணவாயும் போடாத கூழ் கூழா? மீன்தலையும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் போட்டு, நீருக்குப் பதிலாகக் கொம்பும் மாசியும் ஊறிய தாஷியிற் காய்ச்சிப் பார்த்தோம். பழைய கூழாக அது வரவில்லை. ஆனால் அவர் பிளாவை வழித்துக் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். 2024 இல் வந்த மகள் இரண்டு பிளாக் குடித்தாள்.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் மூன்று நாள் அவர் எம்மோடு பேசவில்லை. உயிர் போகவிருந்தது பற்றியன்று, வெள்ளிக்கிழமை பற்றி. நான்காம் நாள் காலை கோயிலுக்குப் போய்வந்து, திருநீற்றை எம்மிடம் நீட்டியபடி, "இஞ்சரும், எண்ணெய் இல்லாட்டி அவிச்சுத் தாரும், நான் என்ன வேண்டாமெண்டே சொல்லப்போறன்?" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஆயினும் அன்று தொட்டு வெள்ளிக்கிழமைகளில் அடுப்பில் தாச்சி ஏறும் ஓசை கேட்டால், விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டே, "எந்தப் போத்தல்?" என்று கேட்பார். நாமும் போத்தலை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டிவிட்டு வந்துதான் ஊற்றுகின்றோம்.